சுட்டதும் ஒன்று, எழுமுன் ஒன்று

லெத்தோசெரா கிராமம்
29 செப்டம்பர் 1974

அன்புத் தம்பி லவ்ரென்திக்கு,

முதல் வரியில் வழக்கமாக எழுதுவதை எழுதிவிடுகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன், உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் ரிம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். இரண்டாவது வரியை எழுதத்தான் பத்து நாளாகிவிட்டது. உன் அத்தான் செத்துப்போய்விட்டார். சுட்டுவிட்டார்கள்.

நீ பதினெட்டாம் தேதி மத்தியானப் படகில் ஏறினாய். அவர் அன்று விடியற்காலை போனவர், சாயங்காலம் வரை வரவில்லை. கொம்பன் கடமான் விழுந்திருக்கும், அறுத்துக்கொண்டிருப்பார் என்று கத்தியைத் தீட்டி வைத்து, உப்புத் தொட்டியைக் கழுவிக் காத்திருந்தேன். மறுநாள் மத்தியானம் அண்டை வீட்டு ஸோசிமா தன் படகில் போட்டுக்கொண்டு வந்தான். விலாவில் நுழைந்த குண்டு முதுகைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. கையை விட்டால் மணிக்கட்டு வரை போகும். ஒரு கண்ணைக் காக்கை கொத்திவிட்டது. நான்தான் குளிப்பாட்டினேன். யாரையும் தொட விடவில்லை.

ஸோசிமாவை அன்றைக்கே போலீஸ் கொண்டுபோய்விட்டது. மேல்சட்டை முழுக்க ரத்தம். அவனுடைய துப்பாக்கியும் பதினாறாம் நம்பர், குண்டு நுழைந்த ஓட்டையும் அதே அளவு. ஆகஸ்டில் ஊர் மன்றத்தில் எல்லோர் முன்னாலும் அவன் கத்தியது உனக்கும் எழுதியிருந்தேனே? "இன்னொரு தடவ என் சதுப்புல உன் கொரல் கேட்டுச்சு, அந்தச் சிம்னியோட சேத்து உன் தொண்டையையும் ஓட்ட போட்டுருவேன்!" என்றான். உன் அத்தான் சும்மா இருந்தாரா? "மொதல்ல உன் கொரலப் பாரு. நீ கத்துறதக் கேட்டா கொம்பன் சிரிச்சே செத்துரும், குண்டு மிச்சம்" என்றார். ஊரே சிரித்தது. இப்போது அந்தச் சிரிப்பைத்தான் போலீஸ்காரன் எழுதிக்கொண்டு போயிருக்கிறான்.

அவருடைய விளக்குச் சிம்னிக் கண்ணாடியும் உடம்போடு வந்தது. அதை வாயில் வைத்து அவர் கொம்பன் போல முனகினால் பெட்டைகூட நம்பிவிடும். உடையவில்லை. ஆனால் விளிம்பு சுற்றிலும் பல் பல்லாகப் பெயர்ந்திருக்கிறது. போகும்போது அப்படி இல்லை.

அப்பாவின் துப்பாக்கியை நீ எண்ணெய் போட்டுத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாய். ஒரு குண்டும் சுடவில்லை என்றாய், ஆனாலும் துடைத்திருக்கிறாய். நல்ல பழக்கம்.

நான் கட்டிக் கொடுத்த மீன் ரொட்டியைக் கெடுவதற்கு முன்னால் சாப்பிட்டாயா?

உன் அக்கா,
உஸ்தீனியா


மூர்மன்ஸ்க்
12 அக்டோபர் 1974

என் அக்காவுக்கு,

இங்கே நான் சுகம், ரிம்மாவும் சுகம். நீ எப்படிச் சுகமாக இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உன் கடிதத்தை வீட்டில் வைத்துவிட்டுப் பட்டறையில் நாள் முழுக்க வெல்டிங் பிடித்தேன். முகமூடியைக் கழற்றவே இல்லை. மேஸ்திரி, "என்னடா, புதுப்பொண்ணு மாதிரி மூஞ்ச மூடிக்கிட்டுத் திரியுற?" என்று கேட்டார். 

அடக்கத்துக்கு வர முடியவில்லை. விடுப்பெல்லாம் ஊருக்கு வந்த அந்தப் பத்து நாளோடு தீர்ந்துவிட்டது. அத்தானைப் போல ஒரு மனிதர் அந்தச் சேற்றில் ஒரு மணி நேரம் பக்கத்தில் ஆளில்லாமல் கிடந்தாரே என்று நினைக்கும்போது எதையாவது அடித்து உடைக்க வேண்டும் போலிருக்கிறது. நான் ஆற்று வளைவில்தான் இருந்தேன், உனக்குத் தெரியும். பனிமூட்டம். எதுவும் கேட்கவில்லை.

ஸோசிமாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கோர்ட்டு பார்த்துக்கொள்ளும். நீ தனியாக விறகு பிளக்காதே, யாரையாவது கூப்பிட்டுக்கொள்.

உன் தம்பி,
லவ்ரென்தி


லெத்தோசெரா
3 நவம்பர் 1974

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். உடம்பில் தெம்பு இருக்கிறது. எவ்வளவு என்பதைப் பின்னால் எழுதுகிறேன், உனக்கே தெரியும்.

நீ எழுதியது சரிதான். ஜில்லா ஆஸ்பத்திரி டாக்டரின் அறிக்கை போன வாரம்தான் வந்தது. குண்டு பட்ட பிறகு ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடவே, உயிர் இருந்திருக்கிறதாம். விசாரணை அதிகாரி படித்துக் காட்டினார். எனக்குப் புதுச் செய்தி. உனக்கு முன்னாலேயே தோன்றியிருக்கிறது.

ஸோசிமாவின் பெண்டாட்டி பெவ்ரோனியா வந்தாள். பின்னாலேயே ஐந்து பிள்ளைகள். "எங்க வீட்டு ஆம்பள பண்ணல உஸ்தியா, சிலுவை மேல கைய வெச்சுச் சொல்றேன்" என்று வாசலில் மண்டியிட்டாள். தண்ணீர் தூக்கும் காவடிக் கட்டை கையில் இருந்தது. அதாலேயே அடித்தேன். தோளில் ஒன்று, தலையில் ஒன்று. காது கிழிந்து ரத்தம் வழிந்தது. மூத்த பெண் என் கையைக் கடித்துத்தான் என்னை நிறுத்தினாள். பல் தடம் இன்னும் இருக்கிறது. தெம்பு இருக்கிறது என்றேனே, இதுதான்.

உன் கடிதம் வந்த மறுநாள் சதுப்புக்குப் போய் வந்தேன். நல்ல வேளை, அதற்கு அடுத்த நாள்தான் பனி விழுந்து எல்லாவற்றையும் மூடியது.

நீ இன்னும் அந்த அட்டைக் குழல் சிகரெட்டுதான் பிடிக்கிறாயா? இங்கிருந்து நல்ல புகையிலை அனுப்பட்டுமா?

அக்கா


மூர்மன்ஸ்க்
27 டிசம்பர் 1974

என் அக்காவுக்கு,

சுகம்தானே? பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பட்டறையில் இரண்டு கப்பல் சேர்ந்து வந்துவிட்டது.

ஒரு நல்ல செய்தி. ரிம்மா முழுகாமல் இருக்கிறாள். மார்ச்சில் பிறக்கும் என்கிறார்கள். உனக்குக் குழந்தையில்லை. எனக்கோ நீதான் பெற்றவள் மாதிரி. அதனால் பையன் பிறந்தால் அத்தானின் பெயரையே, யெவ்சேய் என்று வைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். உனக்கு ஆறுதலாக இருக்கும்.

சிகரெட்டை விட்டுவிட்டேன். நாற்றம் ரிம்மாவுக்கு ஆகவில்லை. புகையிலை அனுப்ப வேண்டாம்.

சதுப்புக்குத் தனியாகப் போகாதே அக்கா. அங்கே உனக்கு என்ன இருக்கிறது? ஸோசிமா எப்போதுமே முரடன்தான், ஊருக்கே தெரியும். நீ பார்த்துப் பார்த்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதே.

புது வருடம் உனக்கு நல்லதாக இருக்கட்டும்.

லவ்ரென்தி


லெத்தோசெரா
15 ஜனவரி 1975

லவ்ரென்திக்கு,

சுகம்.

அந்தப் பெயரை வைக்காதே.

ஜில்லா லாக்கப்புக்குப் போய் ஸோசிமாவைப் பார்த்தேன். மூஞ்சியில் எச்சில் துப்பத்தான் போனேன், இல்லை என்று சொல்லவில்லை. கூட இருந்த கைதிகள் அவனை முன்பே முடித்து வைத்திருந்தார்கள். மேல்வரிசைப் பல் ஒன்றும் இல்லை. இடது கண் வெந்த வெங்காயம் போல இருக்கிறது, இனி பார்வை வராதாம். அண்டை வீட்டுக்காரனை ஒளிந்திருந்து சுட்டவன் என்று தினம் பூட்ஸ் காலால் மிதிக்கிறார்களாம். என்னைப் பார்த்ததும் சிரித்தான், பல்லில்லாமல்.

"வா தங்கச்சி. ஒன் புருஷன் சொன்னான்ல, என் கொரல் சரியில்லன்னு. இப்பக் கேளு, இன்னும் கேவலமா இருக்கும்" என்றான். பிறகு சொன்னான்: "நான் சுட்டிருந்தா அவன அங்கயே சேத்துல அமுக்கிட்டுப் போயிருக்க மாட்டேனா? படகுல தூக்கிப்போட்டு நெஞ்சோட அணைச்சுக் கொண்டாருவேனா? அவ்ளோ முட்டாளா நான்? அந்தப் பெரிய ஊசியிலை மரத்தடியில பொகையில நாத்தம் அடிச்சுது தங்கச்சி. ஒரு நாளு கழிச்சும் அடிச்சுது. சொன்னேன், எவனும் எழுதிக்கல."

அவர்கள் பழைய சமயக்காரர்கள். பரம்பரையாகப் புகையிலையைத் தொட மாட்டார்கள். வீட்டில் ஒருவன் பிடித்துவிட்டுப் போனால் நாற்காலியைக் கழுவுகிற ஜனம். அந்த மூக்குத் தப்பாது.

விசாரணை மார்ச் இருபத்தைந்தாம் தேதி.

உஸ்தீனியா


லெத்தோசெரா
14 பிப்ரவரி 1975

லவ்ரென்திக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. சுகமில்லையோ?

சரி, நானே சொல்கிறேன். அவர் ரத்தம் காய்ந்த இடத்திலிருந்து நாற்பது அடி எண்ணினேன். பெரிய ஊசியிலை மரம். கிளை தரை வரை தொங்குகிறது, அடியில் மழைத் துளி விழாது. அங்கே மூன்று சிகரெட் துண்டு கிடந்தது. மூன்றிலும் அட்டைக் குழலைத் தட்டையாக்கி முடிச்சுப் போட்டிருக்கிறது. அப்பா அப்படிப் போடுவார். அப்பா செத்த பிறகு இந்த உலகத்தில் ஒரே ஒருவன்தான் போடுகிறான். அவனுக்கு மூக்குத் துடைத்து, பேன் பார்த்து, என் பன்னிரண்டு வயதிலிருந்து சோறு போட்டவள் நான்.

தேயிலை டப்பாவில் வைத்திருக்கிறேன். யாரிடமும் காட்டவில்லை.

நீ வேண்டுமென்று சுட்டாய் என்று நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. அவர் முனகலுக்குக் கொம்பனே ஏமாறும்போது நீ ஏமாறுவதில் என்ன இருக்கிறது? வளைவில் ஒன்றும் வராமல், சொல்லாமல் கொள்ளாமல் இடம் மாறியிருப்பாய். மூட்டத்தில் சத்தத்தை நம்பிச் சுட்டிருப்பாய். சுட்டுவிட்டு நம் ஊர் வழக்கப்படி உட்கார்ந்திருப்பாய். காயம்பட்ட கொம்பன் பின்னால் உடனே போகக் கூடாது, பெட்டை வெறியில் இருப்பது திரும்பி வந்து குடலைக் கிழிக்கும். படுக்க விட்டு, ரத்தம் வடிய விட்டு, பிறகுதான் போக வேண்டும். சுட்டதும் ஒன்று பிடி, சூரியன் மர உச்சிக்கு வரும்வரை அசையாதே, எழுமுன் ஒன்று பிடி. எல்லோரும் அப்படித்தான்.

அப்படிப் பார்த்தால் இரண்டு. இரண்டும் எனக்குப் புரிகிறது. அதற்காக உன் காலை ஒடித்துப் போட்டாலும் போடுவேன், ஆனால் புரிகிறது.

மூன்றாவதைச் சொல்லு.

அக்கா


மூர்மன்ஸ்க்
26 பிப்ரவரி 1975

அக்காவுக்கு,

சுகம். ரிம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது, அதனால் நீளமாக எழுத முடியவில்லை.

அந்தத் துண்டுகள் முதல் நாள் போட்டவை. பதினேழாம் தேதி நான் அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இதைப் போய்ப் பெரிதாக்காதே. டப்பாவை அடுப்பில் போட்டுவிடு. ஐந்து பிள்ளைக்காரனை நினைக்கிறாய், பிறக்கப் போகிற என் ஒரு பிள்ளையை நினைக்க மாட்டாயா?

லவ்ரென்தி


லெத்தோசெரா
7 மார்ச் 1975

லவ்ரென்தி,

பதினேழாம் தேதி விடிந்ததிலிருந்து அடைகிற வரை மழை. நீயும் அவரும் என் பெரிய செங்கல் அடுப்பின் மேல்தட்டில் படுத்துச் சீட்டாடினீர்கள். நீ ராஜாவைச் சட்டைக்குள் ஒளித்ததைப் பார்த்துவிட்டு அவர் உன் காதைத் திருகினார். "டேய், திருடத் தெரியல, ஒளிக்கவும் தெரியல, ஒன்ன எதுக்குத்தான் ஒங்கக்கா வளத்தா?" என்றார். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். என் வீட்டில் கடைசியாகக் கேட்ட சிரிப்பு. அந்த நாளையா பொய்க்கு எடுத்துக்கொண்டாய்?

அந்தச் சிம்னியை வெளியே எடுத்துப் பார்த்தேன். இரண்டு பேர் ஒரே சதுப்பில் முனகும்போது, சந்தேகம் வந்தால் சிம்னியைத் துப்பாக்கிக் குழாயில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். கொம்பனிடம் கண்ணாடி கிடையாது. கேட்டவன் பதிலுக்கு ஒரு தட்டு. அவ்வளவுதான், ஒரு தட்டுப் போதும். விளிம்பில் பெயர்ந்த இடங்களை விரலால் எண்ணினேன். முப்பத்தொன்று. அதற்கு மேல் எண்ண முடியவில்லை.

இருபத்தைந்தாம் தேதி டப்பாவோடு கோர்ட்டுக்குப் போகிறேன். அதற்குள் உன் கையால் எழுதி எனக்கு வர வேண்டும். போலீசுக்காகக் கேட்கவில்லை. எனக்கு.

ரிம்மாவின் காலுக்கு முட்டைக்கோஸ் இலை கட்டு.

உஸ்தீனியா


மூர்மன்ஸ்க்
15 மார்ச் 1975

அக்கா,

நேற்று பெண் பிறந்தது. இரண்டு பேரும் சுகம். தூக்கிப் பார்த்தேன். கீழே வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

நீ ஊகித்ததெல்லாம் அப்படியே நடந்தது. வளைவில் ஒன்றும் பதில் கொடுக்கவில்லை. மறுநாளோடு விடுப்பு முடிகிறது, வெறுங்கையோடு போகக் கூடாது என்ற வெறி. சதுப்பின் மறுபக்கம் ஒரு கொம்பன் முனகியது. அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை. தொண்டை நிறையக் காமமும் கோபமும். கொம்பால் புதரை முறிக்கும் சத்தமும் கேட்டது.  மூட்டத்துக்குள் கறுப்பாக ஒன்று அசைந்தது, சுட்டேன். விழுந்தது. பிறகு முனகல் மாறியது. ஈரமாக, உறிஞ்சி உறிஞ்சி வந்தது. நுரையீரலில் பட்டிருக்கிறது, நல்ல குண்டு என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன் அக்கா. மரத்தடியில் உட்கார்ந்து முதல் சிகரெட்டைப் பற்றவைத்து, இதை வைத்து அத்தானை எப்படியெல்லாம் கிண்டல் செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சூரியன் வந்தது. இரண்டாவதைப் பிடித்தேன். அது முடிகிற நேரத்தில் சத்தம் வந்தது. கண்ணாடிச் சத்தம். ஒரு தட்டு. கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு.

அப்போதே தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று உன்னிடம் எழுத எத்தனையோ தாள் கிழித்தேன். தெரிந்துவிட்டது. எழுந்திருக்க வேண்டும். நாற்பது அடி.  மூன்றாவதைப் பற்றவைத்தேன். இது தீரட்டும், அதற்குள் சத்தம் நின்றுவிட்டால் அது கொம்பன்தான், குழாயில் ஏதோ உரசியது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது தட்டிக்கொண்டே இருந்தது. சீராக. பதில் வரும் என்று நம்பித் தட்டுகிற தட்டு. நான் முடிச்சுப் போடுகிற வரை தட்டியது. பிறகு நின்றது. பிறகுதான் போனேன்.

உயிர் இருந்தது. இதைத்தான் நான் யாரிடமும் சொல்லக் கூடாது என்றிருந்தேன். என்னைப் பார்த்து முகம் மலர்ந்தது அக்கா. "லவ்ரிக்கா? வந்துட்டியாடா. தட்டிக்கிட்டே கெடந்தேன்" என்றார். வாயிலிருந்து நுரைநுரையாக ரத்தம். என் சட்டையைப் பிடித்தார். "எவனோ ஒரு நாயி சுட்டுட்டான்டா. கிட்டதான் இருக்கான், பொகை வாசம் வந்துச்சு. ஓடிறப் போறான். புடி. என்ன விடு, அவனப் புடி" என்றார்.

"சரி அத்தான், புடிக்கிறேன்" என்றேன்.

அப்புறம் கண் அப்படியே நின்றுவிட்டது. சட்டையிலிருந்து விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஆற்றில் சட்டையைக் கசக்கினேன், துப்பாக்கியைத் துடைத்தேன். உன் முன்னால் வந்து நின்று, "ஒண்ணும் சிக்கலக்கா, அத்தான் கிட்டச் சொல்லிரு" என்றேன். நீ மீன் ரொட்டியைத் துணியில் கட்டிக் கொடுத்தாய். படகில் சாப்பிட்டேன். பசித்தது. முழுவதையும் சாப்பிட்டேன்.

கேட்டாயே, இதுதான் மூன்றாவது.

இதையே இன்னொரு தாளிலும் எழுதியிருக்கிறேன். நாளைக் காலை அரசு வக்கீல் அலுவலகத்தில் கொடுக்கப் போகிறேன். ரிம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை.

லவ்ரிக்


லெத்தோசெரா
6 ஏப்ரல் 1975

தம்பிக்கு,

நான் சுகம். உன்னை நம் ஜில்லா லாக்கப்புக்கே கொண்டுவந்துவிட்டார்கள் என்று சொன்னார்கள், அதனால் அங்கே எழுதுகிறேன். அங்கே மிதிப்பார்கள். வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு குப்புறப் படு.

ஸோசிமாவை விட்டுவிட்டார்கள். படகுத்துறையில் பெவ்ரோனியா நின்றாள், காது கோணலாக ஆறியிருக்கிறது. எல்லோரும் பார்க்க அவள் முன்னால் மண்டியிட்டேன். அவள் எழுப்பவில்லை. தாண்டிப் போய்விட்டாள். அவள் செய்தது சரி. மூத்த பெண் மட்டும் திரும்பி என் கையைப் பார்த்தாள்.

உன் கடிதத்தை ஒரு தடவைதான் படித்தேன். படித்துவிட்டு அப்பாவின் துப்பாக்கியைக் கோடரியால் கொத்தினேன். கட்டை சிம்பு சிம்பாகப் போய்விட்டது, இரும்பு வளைந்தது. நீ எதிரில் இருந்திருந்தால் கோடரி உன் மேல்தான் விழுந்திருக்கும். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன்னை நான் மன்னிக்கவில்லை. செத்தாலும் மாட்டேன்.

அவனைப் பிடி என்றார் அவர். ஆறு மாதம் பிந்திப் பிடித்திருக்கிறாய். அது மட்டும் நடந்தது.

ரிம்மா கைக்குழந்தையோடு இங்கே வந்துவிடட்டும். எழுதிவிட்டேன். அவளுக்கும் யாரும் இல்லை, எனக்கும் யாரும் இல்லை. குழந்தை என்ன செய்தது?

செவ்வாய்க்கிழமை உன்னைப் பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. ரொட்டி கொண்டுவர மாட்டேன். இனி என் கையால் உனக்கு மீன் ரொட்டி கிடையாது. சிம்னியைக் கொண்டுவருகிறேன். கதவுக்கு வெளியே நின்று இரும்பில் ஒரு தட்டுத் தட்டுவேன். வழக்கம் உனக்குத் தெரியும். உடனே பதில் தட்டு. தட்டினால் உள்ளே வந்து உன் எதிரில் உட்காருவேன், என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது, ஆனால் உட்காருவேன். தட்டாவிட்டால் திரும்பிப் போய்விடுவேன், பிறகு உனக்கு அக்கா இல்லை.

இரண்டாவது தடவை தட்ட மாட்டேன். அவர் தட்டியது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா